இடது கால்

தபீதாள் டீச்சர் இறந்தது ஒரு புதன்கிழமை காலையில். இரண்டு இட்லியில் ஒன்றரை சாப்பிட்டுவிட்டு, குடிக்க வெந்நீர் வேண்டும் என்று மருமகள் ஜெரூஷாவிடம் கேட்டார். ஜெரூஷா டம்ளரோடு திரும்பி வருவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்திருந்தது. எண்பத்தேழு வயது. ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கல்யாணச் சாவு என்றார்கள்.

மகள் சுஜி கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டியிருந்ததால் அடக்கம் மறுநாள் மாலை நாலு மணிக்கு என்று முடிவாயிற்று. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டை ஒட்டிய அந்த வீட்டின் ஹாலில் ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். சபைப் போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் புறப்படும்போது மகன் ஐசக்கைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐசக் சார், ஆராதனையில வாசிக்க அம்மாவோட ஜீவிய சரித்திரம் எழுதிடுங்க. ஒரு பக்கம் போதும். பிறப்பு, படிப்பு, கல்யாணம், வேலை, பிள்ளைங்க. நீங்களே வாசிச்சா நல்லாயிருக்கும்."

ஐசக் சரி என்றார். அவருக்கு அறுபத்தொரு வயது. திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதி எழுதிக் கை பழகியது. ஒரு பக்கம் எழுதுவது அவருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் போதகர் அடுக்கிக்கொண்டே போன சொற்களில் 'கல்யாணம்' வந்த இடத்தில் மட்டும் அவர் பார்வை தரைக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். முதல் வரிகள் தாமாக வந்தன. நாசரேத்தில் 1937-இல் பிறந்தது. தகப்பனார் உபதேசியார். ஆசிரியர் பயிற்சி முடித்தது. 1961-இல் லாசரஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டு தாம்பரம் வந்தது. குரோம்பேட்டையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. முப்பத்துநாலு வருஷமும் நாலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோதும் அவர் நகரவில்லை. சின்ன வயதில் ஐசக், அம்மா நாலாம் வகுப்பில் ஃபெயிலாகிக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்து 1972 வந்தது. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு வரி கிடைத்தது.

"1972-ஆம் ஆண்டு கணவரை இழந்து, இரு பிள்ளைகளையும் தனியாகவே வளர்த்தார்."

எழுதிவிட்டு அதை இன்னொரு தரம் வாசித்துப் பார்த்தார். பொய் இல்லை. இழப்பு என்றால் சாவு என்று கேட்பவர்கள் எடுத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. நல்ல வரி என்றுகூட அவருக்குத் தோன்றியது.

நடந்தது வேறு. லாசரஸ் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க். அந்த வருஷம் ஒரு சனிக்கிழமை டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு, கம்பெனி வேலையாக வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அதே கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த ஈவ்லின் என்ற பெண்ணோடு அஸ்தினாபுரத்தில் குடித்தனம் வைத்துவிட்டார். தாம்பரத்திலிருந்து அது இரண்டே ஸ்டேஷன், அதற்கப்புறம் கொஞ்சம் நடை. சபையில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

தபீதாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ஐசக்குக்கு ஒன்பது, சுஜிக்கு ஐந்து. திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல ஏழரை ரயிலில் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார். "சார் வரலையா?" என்று கேட்டவர்களிடம் "இல்லை" என்று ஒரு சொல் சொன்னார். செத்துவிட்டார் என்றும் சொன்னதில்லை, எங்கே இருக்கிறார் என்றும் சொன்னதில்லை. பிள்ளைகளிடம் ஒரே ஒரு தரம் பேசினார்.

"அப்பா வேற வீட்டுல இருக்காங்க. நாம இந்த வீட்டுல இருக்கோம். நோட்ட எடு, கணக்கு போடு."

சுஜி ஒரு மாசம் வரைக்கும் அப்பா எப்போ வருவாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் செய்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் அடக்க முடியாது. தபாலில் பி.ஏ. படித்தார். ஐசக் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய அதே கோடையில் அவரும் பரீட்சை எழுதினார். ஒரே மேஜைக்கு இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் அம்மா. அதே வருஷம் மழைக்காலத்தில் குரோம்பேட்டை ஸ்டேஷன் படியில், திருத்திய நோட்டுக்கட்டோடு வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மூன்றே வாரத்தில் வேலைக்குப் போய்விட்டார். எலும்பு கோணலாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவர் நடை ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருந்தது. 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்தபோது எழுபத்தெட்டு வயதில் மாடிக் குடித்தனக்காரர் வீட்டில் மூன்று நாள் இருந்தார். அங்கேயும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது.

ஐசக் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஹாலில் ஒரு குரல் உயர்ந்தது. மீன் விற்கும் காந்தா வந்திருந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு தாம்பரம் வரைக்கும் வருகிறவள். பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் பஸ்ஸு போர்டு படிச்சிகினு போறேன்னா அது டீச்சரம்மாவாலதான். மீன் ஆஞ்சிகினு இருக்கசொல்லோ பக்கத்துல வந்து குந்திகினு ஒவ்வொரு எழுத்தா சொல்லுவாங்க. இன்னா படிக்கிறதுன்னு நான் சிரிப்பேன். நீ சிரி, ஆனா எழுதுன்னுவாங்க. சிமெண்டு தரையில மீன் தண்ணியாலயே எழுதுவேன்."

ஐசக் அந்தக் காலத்தில் வாசற்படியில் மீன் நாற்றம் என்று அம்மாவிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறார். காந்தாவை ஒரு தரம் பின்பக்கமாக வரச் சொன்னதும் உண்டு. அவளை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. காகிதத்தில் குனிந்துகொண்டார்.

ஆனால் அது சின்ன விஷயம். அவர் மனதில் நாற்பத்திரண்டு வருஷமாகக் கிடந்தது வேறு.

1982-இல் ஐசக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒரு நாள் குரோம்பேட்டையில் சினிமா கியூவில் நின்றுகொண்டிருந்தபோது யாரோ தோளைத் தட்டினார்கள். "நீ ஐசக்தானே?" பத்து வருஷம் கழித்து அப்பா. முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. மற்றபடி அதே சிரிப்பு. டீக்கடைக்குக் கூட்டிப்போய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். காலேஜில் எந்த குரூப் என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாயேன். டிவி வாங்கியிருக்கேன்" என்றார்.

அவன் போனான். அம்மாவிடம் பாடகர் குழுப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனான். அங்கே கறிக்குழம்பு, சாயங்காலம் டிவியில் படம். அப்பா கலகலப்பான ஆள். பாட்டுப் பாடுவார், ஆபீஸில் இருப்பவர்களைப் போலப் பேசிக் காட்டுவார். கையைக் கட்டிக்கொண்டு கணக்குப் போடும் வீட்டில் வளர்ந்த பையனுக்கு அது வேறு உலகம் மாதிரி இருந்தது. ஈவ்லின் சமையலறைக் கதவோரம் நின்று, "தம்பிக்கு இன்னும் சோறு போடட்டுமா?" என்று மட்டும் கேட்பாள். அவர்களுடைய ஒன்பது வயதுப் பெண் கிறிஸ்டினா தரையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்றாவது ஞாயிறோ நான்காவது ஞாயிறோ, அப்பா கேட்டார்.

"உங்கம்மா எப்படி இருக்கா? வீட்டுலயும் வாத்தியார்தானா?"

வாயால் ஒரு பதில் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவன் எழுந்து நின்றான். செய்தித்தாளைச் சுருட்டி அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் மாதிரிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பதுபோலக் கழுத்தைத் தாழ்த்தி, "கையக் கட்டு, வாயப் பொத்து" என்றான். பிறகு ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் சாய்ந்து சாய்ந்து நடந்தான்.

"காலுக்கு என்ன?" என்றார் அப்பா.

"விழுந்துட்டாங்க."

அப்பா அவன் காலைப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தன்னால் அவரை அப்படிச் சிரிக்கவைக்க முடிகிறதே என்று அவனுக்கு உடம்பெல்லாம் ஏதோ ஏறியது. ஈவ்லின் மட்டும், "போதும் தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும், "எங்கே, டீச்சர் வரட்டும்" என்பார் அப்பா. அவன் எழுந்துவிடுவான். வாரா வாரம் புதிதாக ஏதாவது சேர்த்தான். தேய்ந்த சாக்பீஸ் துண்டுகளைக் கர்சீப்பில் முடிந்துகொள்வது. ரயிலில் தூங்கித் தலை ஆடுவது. ஜெபம் செய்யும்போது வார்த்தை தடுமாறுவது. ஐந்து மாசம் அது நடந்தது.

மனசாட்சி உறுத்தி அவன் நிறுத்தினான் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். ஒரு ஞாயிறு வாசலிலேயே அப்பா எதிரே வந்து, "இன்னிக்கு வேணாம்பா. ஈவ்லின் வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க. நீ யாருன்னு கேப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார். தன்னை மறைக்கிறார்கள் என்று புரிந்ததும் ரோஷம் வந்து, அதோடு போகாமல் விட்டான். அவ்வளவுதான்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியாது என்பது ஒன்றே ஆறுதலாக இருந்தது. 1998-இல் லாசரஸ் இறந்த செய்தி போனில் வந்தபோதும், தான் அங்கே போய்வந்தது அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் பயந்தார். கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய், திருமுடிவாக்கத்தில் வெல்டிங் சத்தத்துக்கு நடுவே சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். தகப்பனின் அடக்கத்துக்குப் போகவில்லை.

பதினொரு மணி இருக்கும். யாரோ எதிர் நாற்காலியை இழுத்தார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் காட்டாங்குளத்தூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டை. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள் போலிருந்தது. ஜெரூஷா அவளைத் தெரிந்தவள் மாதிரித் தலையசைத்து, "அத்தையோட ஓல்டு ஸ்டூடண்ட். சனிக்கிழமைல வருவாங்க, நீங்க பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

"என்னைத் தெரியுதா அண்ணா?" என்றாள் அந்தப் பெண்மணி.

அவருக்குத் தெரியவில்லை.

"கிறிஸ்டினா. அஸ்தினாபுரம்."

ஐசக் அனிச்சையாகக் காகிதத்தின் மேல் கையை வைத்து மறைத்தார். "அம்மாவை எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"நாலாவது ஏ செக்‌ஷன் அண்ணா. டீச்சர் கிளாஸ்தான். நீங்க எங்க வீட்டுக்கு வந்த வருஷம்."

அவள் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் ஈவ்லின் போய், பிள்ளையை பி செக்‌ஷனுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். தபீதாள் டீச்சர், "பி செக்‌ஷன் டீச்சர் பிரசவ லீவுல போறாங்க. பிள்ளைக்குப் படிப்பு கெட்டுடும். இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாராம். அதற்குமேல் ஒரு பேச்சும் இல்லை.

"அப்போ..." என்றார் ஐசக். "நான் வந்தது?"

"டீச்சருக்குத் தெரியும் அண்ணா. நான்தான் சொன்னேன்."

ஹாலில் யாரோ ஞானப்பாட்டு ஆரம்பித்தார்கள். கிறிஸ்டினா அது தணியும்வரை காத்திருந்தாள்.

"ஒரு திங்கக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். கிளாஸ்ல வேற யாரும் இல்ல. 'டீச்சர், எங்க வீட்டுக்கு ஒரு அண்ணன் வருவாங்க, உங்கள மாதிரியே நடந்து காட்டுவாங்க'ன்னு சொல்லிட்டேன். பெருமையாத்தான் சொன்னேன். டீச்சர் எங்க வீட்டுலயும் ஃபேமஸ்னு எனக்கு நினைப்பு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"செஞ்சு காட்டுன்னாங்க. நோட்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு போர்டுல இருந்து கதவு வரைக்கும் நடந்தேன். பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், 'வலது கால் இல்ல பாப்பா, இடது கால்'னாங்க."

அம்மாவின் கணுக்கால் முறிந்து நாலு வருஷம் கழித்து, ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எந்தக் கால் என்றுகூடப் பார்க்காமல் ஐந்து மாசம் நொண்டிக் காட்டியிருக்கிறான் அவன். அப்பாவுக்கு அது தெரிய வழியில்லை. ஈவ்லின் அவரை ஒரே ஒரு தரம் பார்த்தவள். தப்பைக் கண்டுபிடித்தது அம்மா ஒருத்திதான்.

"கோபப்பட்டாங்களா?"

"இல்ல. அந்த அண்ணன் எந்தச் சட்டை போட்டுட்டு வந்தாங்கன்னு கேட்டாங்க. காலர் கிழிஞ்ச நீலச் சட்டைன்னேன். சரி, போய் கை கழுவிட்டு வா, வாய்ப்பாடு இருக்குன்னாங்க. அவ்வளவுதான்."

அந்த வருஷம் அம்மா திடீரென்று அவனுக்கு இரண்டு சட்டை தைக்கக் கொடுத்தது ஐசக்குக்கு ஞாபகம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கரி இஸ்திரிப் பெட்டியை மூட்டி, அதில் ஒன்றைத் தேய்த்துக் கொடியில் மாட்டிவைப்பார். "நாளைக்கு இதப் போட்டுட்டுப் போ" என்பார். பாடகர் குழுவுக்கு எதற்கு இத்தனை என்று அவன் சலித்துக்கொண்டதும் உண்டு. அந்த வீட்டுக்குள் தன் மகன் கிழிந்த காலரோடு போய் நிற்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்த்தான் நொண்டிக் காட்டினான்.

"டீச்சர் அப்பா அடக்கத்துக்கும் வந்தாங்க. நான்தான் சொல்லி அனுப்பினேன்," என்றாள் கிறிஸ்டினா. "பின்னாடி, கேட்டுப் பக்கம் நின்னாங்க. மண்ணு போடறப்போ கிட்ட வந்தாங்க. ஒரு பிடி போட்டாங்க. திரும்பவும் குனிஞ்சு இன்னொரு பிடி அள்ளுனாங்க. எங்கம்மா ஒரு மாதிரி பாத்தாங்க. 'இது ஐசக்குக்கு. அவனுக்கு வேலை இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போட்டாங்க."

காபி வந்தது. ஐசக் அதைத் தொடவில்லை. அவர் இன்ஸ்பெக்‌ஷன் என்று பொய் சொல்லிவிட்டுப் போன அன்று அம்மா டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்து, கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அதற்குப் பிறகு தனியாக ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார். இருபத்தாறு வருஷம் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மகன் எப்போதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாரோ, அல்லது சொல்ல வேண்டாம் என்றே விட்டுவிட்டாரோ, இனிமேல் கேட்க வழியில்லை.

கிறிஸ்டினா எழுந்து பெட்டியருகே போய் நின்றுகொண்டாள். ஐசக் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். இந்த முறை இரண்டு பக்கம் வந்தது. 1972-இல் கணவர் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போனதை எழுதினார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கும் டீச்சர் பாடம் சொல்லிக் கொடுத்ததை எழுதினார். கடைசியில் தன்னைப் பற்றி நாலு வரி எழுதினார். எங்கே போனான், என்ன செய்தான், எந்தக் காலை மாற்றி நொண்டினான் என்று ஒன்றையும் பூசி மெழுகாமல் எழுதினார்.

நாலு மணிக்குக் கோவில் நிறைந்திருந்தது. சுஜி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மதியம்தான் வந்து சேர்ந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது. போதகர் பெயர் சொல்லி அழைத்ததும் ஐசக் மைக் முன்னால் போய் நின்று வாசித்தார். கணவர் போனதை வாசித்தபோது பெஞ்சுகளில் ஒரு அசைவு. வயதானவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐம்பது வருஷமாக எல்லாருக்கும் தெரிந்திருந்தது முதல்முறையாகச் சத்தமாகக் கேட்டது. அஸ்தினாபுரம், கிறிஸ்டினா என்ற பெயர்களையும் வாசித்தார். பிறகு தன்னைப் பற்றிய வரிகளுக்கு வந்தார்.

முதல் சொல்லுக்கு உதடு பிரிந்தது. முன் வரிசையில் அவருடைய மகன் எபி, கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள், ஜெரூஷாவின் வீட்டார். ஐசக் தாளைத் திருப்பிவிட்டு, "இரு பிள்ளைகளையும், மருமகளையும், பேரப் பிள்ளைகளையும் விட்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று முடித்துவிட்டு இறங்கிவிட்டார்.

வெளியே வந்ததும் சபையின் மூத்தவர் ஞானையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரும் சொல்லத் துணியாததைச் சொல்லிட்டப்பா. பெரிய தைரியம்." இன்னும் நாலைந்து பேர் வந்து அதையே சொன்னார்கள். ஒவ்வொரு கையும் வந்து பிடிக்கப் பிடிக்க ஐசக்குக்கு உடம்பு கூசியது. செத்துப்போன அப்பாவின் குற்றத்தை ஊருக்குச் சொல்ல அவருக்கு நாக்கு எழுந்தது. தன்னுடையதற்கு எழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கிறிஸ்டினா அவரைப் பார்த்தாள். வரிகள் விடுபட்டது அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவருக்கு அவள் பார்வையைத் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஜெபம் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் நடந்தது. போதகரும் மற்றவர்களும் சாப்பிட்டுப் போனபிறகு சுஜி, ஜெரூஷா, எபி, கிறிஸ்டினா நாலு பேரும் மிச்சம். ஐசக் அந்தத் தாளை எடுத்து வந்தார்.

"கோவில்ல ஒன்ன விட்டுட்டேன்," என்றார். "உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். அவர் வாசித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போய், கடைசி வரி பக்கத்தில் இருந்த ஜெரூஷாவுக்கே சரியாகக் கேட்டிருக்காது. எபி தகப்பனை நேராகப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மாவைப் போல் நடந்து காட்டியதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள் என்று ஐசக் காத்திருந்தார். அதற்கான பதிலைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

சுஜி வேறொன்று கேட்டாள்.

"நீ அஞ்சு மாசம் அங்க போனியா அண்ணா?"

"ஆமா."

"என்னைப் பத்தி அப்பா எப்பவாவது கேட்டாங்களா?"

ஐசக் இதை எதிர்பார்க்கவில்லை. அந்த ஐந்து மாசத்தில் சுஜிக்குப் பதினைந்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளையும் கூட்டிப்போகலாம் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவள் பெயரை அந்த வீட்டில் அவனாகச் சொன்னதும் இல்லை. அப்பா கேட்டாரா என்று தேடித் தேடிப் பார்த்தார். காலேஜைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார், கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கேட்டார் என்று ஒரு பொய் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. இரண்டு நாள் முன்னால் என்றால் சொல்லியிருப்பார்.

"கேக்கல சுஜி."

"நீ சொன்னியா?"

"நானும் சொல்லல."

சுஜி தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் தன் வளையலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தேழு வயது அவளுக்கு, பேரன் எடுத்தாயிற்று. ஆனாலும் அந்த முகத்தில் அப்போது என்ன ஓடுகிறது என்று பார்க்க ஐசக்குக்குத் துணிவு இல்லை. பிறகு அவள் கிறிஸ்டினாவின் பக்கம் திரும்பி, "ட்ரெயினுக்கு நேரமாகல? வா, ஸ்டேஷன் வரைக்கும் நானும் வரேன். அப்பா எப்படி இருப்பாங்கன்னு எனக்குச் சரியா ஞாபகமில்ல, நீ சொல்லிக்கிட்டே வா" என்றாள்.

இரண்டு பேரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஜெரூஷா தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். எபி உள்ளே போய்விட்டான். ஐசக் தலையைக் குனிந்தபடி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நிமிரும்படி யாரும் சொல்லவில்லை. அவரும் நிமிரவில்லை.